விதி இருக்கிறது, நிபந்தனை இல்லை: மாணவர் குறிப்புச் சேவை ஒன்றின் மதிப்புரை

அறிவியல், வணிகவியல், தொழில்நுட்பம், சமூக அறிவியல் ஆகிய துறைகளில் மாணவர்களே எழுதிய பாடக்குறிப்புகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் இணையச் சேவைகள் இன்று பல உள்ளன. அவற்றுள் ஒன்றுக்குச் சந்தா கட்டி, பள்ளியின் மேல்வகுப்புகளிலும் கல்லூரியின் முதலாண்டிலும் படிப்பவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையோடு சேர்த்தே அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். சேவையின் பெயரை இங்கே சொல்லவில்லை; இதே வார்ப்பில் இயங்கும் மற்றவற்றுக்கும் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி பொருந்தும் என்பதால், பெயர் சொல்வதில் பெரிய பயனும் இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பட்டமான தகவல் பிழைகள் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு விதி எந்தச் சூழ்நிலையில் செல்லுபடியாகும், எப்போது செல்லுபடியாகாது என்று பாடநூல் சொல்லும் துணைவாக்கியம்தான், சுருக்கி எழுத உட்காரும் மாணவர் முதலில் வெட்டுகிற இடமாக இருக்கிறது. பாடத்தை ஏற்கெனவே படித்து முடித்தவருக்கு இது பெரிய இழப்பில்லை; பாடநூலைத் திறக்காமல் குறிப்பை மட்டும் நம்பி வருபவருக்கு இது கிட்டத்தட்ட முழு இழப்பு.

சேவை இயங்கும் முறையைத் தெரிந்துகொண்டால் இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். கட்டணம் செலுத்தாதவர் ஒரு குறிப்பைப் பதிவிறக்க வேண்டுமானால், தம்முடைய குறிப்பு ஒன்றைப் பதிவேற்றிப் புள்ளிகள் பெற வேண்டும். ஆகவே பதிவேற்றப்படும் கோப்புகளில் கணிசமானவை, பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக அல்லாமல், புள்ளி சேர்ப்பதற்காகவே வந்து சேர்ந்தவை. ஆசிரியரின் விளக்கப் படவில்லைகளை அப்படியே பிடிஎஃப் ஆக்கிப் போட்டிருப்பார்கள். ஒரே அத்தியாயத்தை மூன்றாக உடைத்து மூன்று கோப்புகளாக ஏற்றியிருப்பார்கள். பாடநூலின் பக்கங்களையே கைபேசியில் படம் பிடித்துக் குறிப்பு என்று தலைப்பிட்டிருப்பார்கள். இந்தக் கடைசி வகை பதிப்புரிமைக்கும் புறம்பானது. புகார் செய்தால் சேவை நீக்கிவிடுகிறது, ஆனால் யாராவது புகார் செய்யும்வரை அது அங்கேயே இருக்கிறது. நல்ல குறிப்புகள் இல்லாமல் இல்லை. இந்தக் குவியலுக்குள் அவற்றைத் தோண்டி எடுக்கும் வேலை வாசகரின் தலையில் விழுகிறது.

நான்கு துறைகளில் அறிவியல் பகுதிதான் வளமானது. எண்ணிக்கையிலும் அதுவே அதிகம். படங்களோடு கையால் எழுதி ஸ்கேன் செய்த குறிப்புகளும் இங்கேதான் மிகுதி. ஒளிச்சேர்க்கை பற்றிய குறிப்பு ஒன்று நான் பார்த்தவற்றிலேயே சிறந்தது எனலாம். பெரும்பாலான குறிப்புகள், 6 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் 6 மூலக்கூறு நீரும் சேர்ந்து ஒரு குளுக்கோஸ் மூலக்கூறையும் 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் தரும் என்ற சமன்பாட்டை எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகின்றன. இந்த மாணவர் அங்கே நின்று ஒரு கேள்வி கேட்டிருந்தார்: வெளிவரும் ஆக்சிஜன் முழுவதும் நீரிலிருந்தே வருகிறது என்றால், 6 நீர் மூலக்கூறுகளில் 6 ஆக்சிஜன் அணுக்கள்தானே உள்ளன, வெளிவரும் 12 அணுக்களுக்கு எங்கே போவது? அடுத்த வரியிலேயே, உண்மையில் 12 நீர் மூலக்கூறுகள் உள்ளே சென்று 6 புதிதாக வெளிவருகின்றன என்றும், நாம் எழுதுவது இரு பக்கமும் கழித்த பின் எஞ்சும் சுருக்கச் சமன்பாடு என்றும் விடை தந்திருந்தார். ஆக்சிஜன்-18 என்னும் கனமான ஐசோடோப்பைக் கொண்டு ரூபன், காமன் முதலியோர் 1941-இல் செய்த சோதனை, ஆக்சிஜன் நீரிலிருந்து வருவதைக் காட்டியது என்ற குறிப்பும் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. பசுங்கணிகத்தின் உட்சவ்வான தைலக்காய்டில் நடப்பது எது, அதைச் சூழ்ந்த திரவமான ஸ்ட்ரோமாவில் நடப்பது எது என்று இரண்டு நிற மைகளில் பிரித்துக் காட்டிய படமும் தெளிவாக இருந்தது. ஒரே ஒரு பக்கம்தான். அதே தலைப்பில் பல பக்கங்களுக்கு நீளும் குறிப்புகள் இதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

அந்தக் குறிப்பு விதிவிலக்கு. ஓம் விதியைச் சொல்லும் குறிப்புகளில், மின்னழுத்தம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது தவறாமல் இருக்கிறது. வெப்பநிலை மாறாதபோது என்பது பலவற்றில் இல்லை. இந்தச் சொற்றொடர் விடுபட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். மின்னிழை விளக்கின் மின்னோட்ட-மின்னழுத்த வரைபடம் ஏன் நேர்கோடாக இல்லாமல் வளைகிறது என்ற கேள்வி தேர்வில் வரும்போது, விடை முழுவதும் அந்த விடுபட்ட சொற்றொடருக்குள்தான் இருக்கிறது: மின்னோட்டம் கூடக் கூட இழை சூடாகிறது, சூடாகும்போது மின்தடை உயர்கிறது. வாயுவின் அழுத்தம் கூடினால் கனஅளவு குறையும் என்னும் பாயில் விதியிலும் இதே கதைதான், அங்கேயும் வெப்பநிலை நிபந்தனை விடுபடுகிறது. ஒரு கரைசல் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் மதிப்பைப் பற்றிய குறிப்புகளில், 7 என்றால் நடுநிலை என்று பெட்டி கட்டி எழுதியிருக்கிறார்கள். அது 25 டிகிரி செல்சியஸுக்கு உரிய மதிப்பு. 100 டிகிரியில் தூய நீரின் பிஎச் ஏறத்தாழ 6.1-க்கு இறங்கிவிடும், ஆனாலும் அந்த நீர் நடுநிலையாகவே இருக்கும், ஏனெனில் ஹைட்ரஜன் அயனிகளும் ஹைட்ராக்சைடு அயனிகளும் அப்போதும் சம அளவிலேயே உள்ளன. நடுநிலை என்பதன் பொருளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்ட மாணவர், வெந்நீர் அமிலம் ஆகிவிடும் என்று எழுதிவிட்டு வருவார்.

அறிவியல் பகுதியில் இன்னொரு தொல்லை, பழைய குறிப்புகள். பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராமின் அளவுகோல் என்று சொல்லும் கோப்புகள் இன்னும் மேல்வரிசையில் வருகின்றன. 2019 மே 20 முதல் கிலோகிராம், இயற்பியலின் அடிப்படை மாறிலிகளுள் ஒன்றான பிளாங்க் மாறிலியைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாகச் சிதையும்போது, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி 38 கிடைக்கும் என்பதும் அவ்வாறே. இப்போதைய பாடநூல்கள் பலவும் 30 முதல் 32 வரை என்றே தருகின்றன. இதில் மாணவர்மேல் குற்றமில்லை, அவர் எழுதிய ஆண்டில் அவருடைய பாடநூல் அப்படித்தான் சொல்லியிருக்கும். குற்றம், பதிவேற்றிய தேதியைத் தேடல் பட்டியலில் காட்டாமல், கோப்பைத் திறந்த பிறகு அடியில் மங்கிய எழுத்தில் காட்டும் சேவையினுடையது. எந்தப் பாடத்திட்டத்துக்காக எழுதப்பட்டது என்ற விவரமும் கட்டாயமாக்கப்படவில்லை. இந்த இரண்டையும் வடிகட்டியில் சேர்த்தாலே பாதித் தலைவலி தீர்ந்துவிடும்.

வணிகவியல் பகுதியை இரண்டாகப் பிரித்துத்தான் மதிப்பிட வேண்டும். கணக்குப்பதிவியலும் செலவுக் கணக்கியலும் நன்றாக உள்ளன. மேலாண்மையும் சந்தைப்படுத்தலும் பட்டியல்களாகக் கிடக்கின்றன. கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் குறிப்பு என்று ஆகும் என்கிற கட்டாயம், முதல் வகையை எழுதுபவரைக் காப்பாற்றிவிடுகிறது. இலாபமும் நட்டமும் இல்லாப் புள்ளி பற்றிய ஒரு குறிப்பில், மாறாச் செலவு 60,000, ஒரு பொருளின் விலை 50, அதற்கான மாறும் செலவு 30 என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளும் மாறாச் செலவை ஈடுகட்ட 20 தருகிறது, ஆகவே 3,000 பொருள்கள் விற்க வேண்டும் என்று காட்டியிருந்தார்கள். இதுவரை எல்லாரும் செய்வதுதான். அடுத்து விலையை 45 ஆகக் குறைத்து அதே கணக்கை மறுபடியும் போட்டு, விலை 10 விழுக்காடு குறைந்ததற்கு விற்க வேண்டிய எண்ணிக்கை 4,000 ஆக, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டதைச் சுட்டியிருந்தார்கள். தள்ளுபடி அறிவிக்கும் வணிகர் எதைப் பணயம் வைக்கிறார் என்பது இந்த இரண்டாம் கணக்கில்தான் புரிகிறது. விற்பனை எவ்வளவு கூடினாலும் மாறாச் செலவு மாறாது என்ற அனுமானம் ஓர் எல்லைவரைதான் செல்லும், அதற்கு மேல் புதிய இயந்திரமோ இடமோ தேவைப்படும் என்ற வரியும் இருந்திருந்தால் அதை முழுமையான குறிப்பு என்றே சொல்லியிருப்பேன்.

தேய்மானத்திலும் நல்ல அட்டவணைகள் கிடைக்கின்றன. 1,00,000 மதிப்புள்ள சொத்து, 5 ஆண்டுகள், எஞ்சிய மதிப்பு 10,000 என்றால் நேர்க்கோட்டு முறையில் ஆண்டுக்கு 18,000. குறைந்து செல் மதிப்பு முறையில் 20 விழுக்காடு என்றால் முதலாண்டு 20,000, அடுத்து 16,000, அடுத்து 12,800 என்று இறங்கிக்கொண்டே போகும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிய குறிப்புகளை நம்பி எடுத்துக்கொள்ளலாம். குத்தகையைப் பற்றிய குறிப்புகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலை 16, 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தபின், குத்தகைக்கு எடுத்தவர் தம் குத்தகைகளில் பெரும்பாலானவற்றை இருப்புநிலைக் குறிப்பில் காட்டியாக வேண்டும். நிதிக் குத்தகையை மட்டும் அங்கே காட்டினால் போதும் என்ற முந்தைய பாகுபாட்டையே இன்றும் நடப்பு விதியாகத் தரும் கோப்புகள் நிறைய இருக்கின்றன.

மேலாண்மைக் குறிப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அவ்வளவாக இல்லை. மாஸ்லோவின் தேவைப் படிநிலை என்றால் ஒரு முக்கோணம், ஐந்து அடுக்குகள், அடுக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1943-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அந்த முக்கோணமே கிடையாது. ஓர் அடுக்கு நூற்றுக்கு நூறு நிறைவேறினால்தான் அடுத்தது தலைகாட்டும் என்று அவர் சொல்லவும் இல்லை, பகுதியளவில் நிறைவேறினாலே அடுத்தது எழத் தொடங்கும் என்பதுதான் அவர் கருத்து. படம் இறுக்கமாக இருப்பதால் கருத்தும் இறுகிப்போய்விடுகிறது. பொருளியலின் தேவை விதியின் நிலையும் இதுதான்: விலை ஏறினால் தேவை குறையும் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், மற்றவை மாறாதிருக்கும்போது என்ற முன்னொட்டைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. வருமானம் உயர்ந்த ஆண்டில் விலையும் விற்பனையும் ஒன்றாக ஏறியதைக் கண்டு, விதியே பொய் என்று என்னிடம் வாதிட்ட மாணவர் இப்படிப்பட்ட குறிப்பைத்தான் படித்திருந்தார். வாதிட்டது நல்லதுதான், குறிப்பு அவருக்கு அந்த அளவிலாவது உதவியது.

தொழில்நுட்பப் பகுதி கலவையானது. வலையமைப்பின் ஏழடுக்கு மாதிரி, ஐபி முகவரிகள், இரும எண்கள் போன்ற நிலையான பாடங்களில் குறிப்புகள் சீராக உள்ளன. நிரல் எழுதுவது பற்றியவற்றில், நிரலைப் படமாக ஒட்டியிருக்கிறார்கள். நகலெடுத்து ஓட்டிப் பார்க்க வழியில்லாத நிரலால் யாருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை. பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடும் இருமத் தேடல் பற்றிய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். 1,000 உருப்படிகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் 10 ஒப்பீடுகள் போதும், 10 லட்சம் என்றால் 20 போதும் என்று வேகத்தைப் புகழ்வதில் யாரும் குறை வைக்கவில்லை. பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற ஒற்றை நிபந்தனையை, ஒன்று விட்டுவிட்டார்கள், இல்லாவிட்டால் கடைசியில் குறைபாடுகள் என்ற தலைப்பின்கீழ் தள்ளிவிட்டார்கள். அது குறைபாடு அல்லவே, அந்த வழிமுறை நிற்கும் தரையே அதுதான். வரிசைப்படுத்தாத பட்டியலில் அதை ஓட்டினால் மெதுவாக அல்ல, தவறாக விடை வரும். கிலோபைட் 1,000 பைட்டா 1,024 பைட்டா என்பதில் குறிப்புக்குக் குறிப்பு மாறுபடுகிறது. 1,024-க்குக் கிபிபைட் என்ற தனிப்பெயர் 1998-இலேயே வந்துவிட்டது என்று சொல்லிக் குழப்பத்தைத் தீர்த்துவைத்த குறிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.

சமூக அறிவியல்தான் மிகவும் பலவீனமானது, காரணமும் விளங்கிக்கொள்ளக் கூடியதே. வேதியியலில் ஒரு சமன்பாட்டைச் சுருக்கினால் சமன்பாடு மிஞ்சும். வரலாற்றில் ஒரு வாதத்தைச் சுருக்கினால் தேதிகள் மட்டுமே மிஞ்சும். முதல் உலகப் போரின் காரணங்கள் என்ற தலைப்பில் கிடைக்கும் குறிப்புகள் ஏறக்குறைய எல்லாமே இராணுவவாதம், கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தேசியவாதம் என்ற நான்கு தலைப்புகளைக் கொண்டவை. 1914 ஜூன் 28-இல் சரயேவோவில் நடந்த படுகொலை, ஜூலை 28-இல் செர்பியாமீது ஆஸ்திரியா-ஹங்கேரி அறிவித்த போர் என்று தேதிகளும் சரியாகவே உள்ளன. ஆனால் கூட்டணி என்ற தலைப்பின்கீழ், ஒரு நாடு போரில் இறங்கினால் கூட்டாளிகள் தாமாகவே இறங்கியாக வேண்டும் என்பது போல எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியோடு முக்கூட்டணியில் இருந்த இத்தாலி 1914-இல் நடுநிலை வகித்தது. 1915 மே மாதத்தில் எதிரணியின் பக்கமே போரில் சேர்ந்தது. அந்தக் கூட்டணி தற்காப்புக்கானது, தாக்குதலைத் தொடங்கியது ஆஸ்திரியா-ஹங்கேரி என்பதால் தனக்குக் கடமை இல்லை என்பது இத்தாலி முன்வைத்த வாதம். ஒப்பந்தத்தின் நிபந்தனையை விட்டுவிட்ட குறிப்பைக் கொண்டு இத்தாலியின் நடத்தையை விளக்கவே முடியாது. துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டியதுதான், சில குறிப்புகள் அப்படித்தான் முடித்தும் இருக்கின்றன.

குடிமையியலிலும் இதைப் பார்க்கலாம். மனித உரிமைகளுக்கான உலகளாவிய சாற்றுரை 1948 டிசம்பர் 10-இல் ஏற்கப்பட்டது, 30 உறுப்புகளைக் கொண்டது என்பது எல்லாக் குறிப்புகளிலும் இருக்கிறது. எல்லா நாடுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்துவது என்று அடுத்து வரும் வரிதான் சிக்கல். சாற்றுரை ஓர் ஒப்பந்தம் அல்ல. சட்டப் பிணைப்பு, 1966-இல் ஏற்கப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த இரண்டு உடன்படிக்கைகளால், அவற்றை ஏற்று உறுதிசெய்த நாடுகளுக்கு வந்தது. மதிப்பெண் பெற்றுத் தரும் வேறுபாடு இது.

இனி, சேவை பெருமையாக விளம்பரப்படுத்தும் இரண்டு வசதிகள். முதலாவது, எந்தக் குறிப்பையும் வினா-விடை அட்டைகளாக மாற்றித் தருவது. இதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். படித்ததையே திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுக்க முயல்வதே நீண்ட நாள் நிற்கும் என்பதை ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது: ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்கள் முந்தினார்கள். அட்டைகளை நாள் இடைவெளி விட்டு மறுபடி கேட்கும் ஏற்பாடும் செயலியில் உண்டு, அது ஒழுங்காக வேலை செய்கிறது. அட்டையை நாமே திருத்தலாம் என்பது கூடுதல் வசதி. ஓம் விதி அட்டையின் பின்புறத்தில் வெப்பநிலை நிபந்தனையைச் சேர்க்க அதிக நேரம் ஆகாது.

இரண்டாவது வசதி, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குறிப்பை மேலும் சுருக்கித் தருவது. இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மாணவர் ஒருமுறை பிழிந்த கரும்பை இயந்திரத்தில் இன்னொரு முறை கொடுப்பது போன்றது இது. மேலே பாராட்டிய ஒளிச்சேர்க்கைக் குறிப்பையே அதில் கொடுத்துப் பார்த்தேன். 12 நீர் மூலக்கூறுகளும் 1941-இன் சோதனையும் காணாமல் போய், பழைய சுருக்கச் சமன்பாடு மட்டும் அழகிய எழுத்துருவில் திரும்பி வந்தது.

நட்சத்திர மதிப்பீட்டை நம்பிக் குறிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மதிப்பீடுகள் தேர்வுக்கு முன்னர் குவிகின்றன, அதாவது கையெழுத்தும் நிறமும் பக்க எண்ணிக்கையும் பார்த்து மதிப்பிடப்படுகின்றன. தேர்வெழுதிய பிறகு திரும்பி வந்து நட்சத்திரத்தைக் குறைப்பவர் யார்? பிஎச் பற்றிய குறிப்பில் இருந்த விடுபாட்டைப் பிழை தெரிவிக்கும் பொத்தான் வழியாகத் தெரிவித்தேன். என் திருத்தம் கருத்துரையாகக் கீழே சேர்க்கப்பட்டது. குறிப்பும் அதன் ஐந்து நட்சத்திரங்களும் அப்படியே இருந்தன. பதிவிறக்கிய பிடிஎஃபில் கருத்துரைகள் வருவதில்லை என்பதால், அச்செடுத்துப் படிப்பவருக்கு அந்தத் திருத்தம் எட்டவே எட்டாது.

யாருக்கு இந்தச் சேவை பயன்படும் என்றால், பாடத்தை ஒருமுறை முறையாகப் படித்து, தம் சொந்தக் குறிப்பையும் எழுதிவிட்டு, விட்டுப்போனது ஏதேனும் உண்டா என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவருக்கு. கணக்குப்பதிவியல், இயற்பியல், வேதியியல் மாணவர்கள் தீர்த்த கணக்குகளுக்காகவே இதைப் பயன்படுத்தலாம். வரலாறோ குடிமையியலோ முதன்மைப் பாடமாகக் கொண்டவர் சந்தாவைத் தவிர்த்துவிடலாம். ஒப்படைப்புக்கான கட்டுரையை இங்கிருந்து எடுத்துத் தம் பெயரில் கொடுக்க நினைப்பவர், நகலைக் கண்டறியும் மென்பொருள்களின் முன் இத்தகைய பொதுக் கோப்புகள் எளிதில் அகப்பட்டுவிடும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

சந்தா கட்டுவதானால் ஆண்டுச் சந்தாவை விட்டு மாதச் சந்தாவை எடுங்கள்; தேர்வுக்கு முந்தைய மாதம் ஒன்று போதும். இலவச முன்னோட்டத்தில் முதல் இரண்டு பக்கங்கள் தெரியும் என்பதால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விதியின் குறிப்பைத் திறந்து, அதன் நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதே மாணவரின் மற்றக் குறிப்புகளைத் தேடுங்கள். எழுதியவரின் பெயரைச் சொடுக்கினால் அவருடைய பட்டியல் முழுவதும் வரும். சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும், அதை நிறுத்தும் பொத்தான் கணக்கு அமைப்புகளின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, நிறுத்தினாலும் பணம் கட்டிய மாதம் முடியும்வரை பதிவிறக்கம் செயல்படும்.